கல்லறைக்கு இருநூற்றுப் பத்து அடி

பிரான்சிஸ்டவுன், போட்ஸ்வானா
8 பிப்ரவரி 2004

அன்புள்ள அக்கா ரெஸ்டிதூதா,

முதலில் நம் ஊர் வழக்கப்படி உன் உழைப்புக்கு நன்றி. படுக்கையில் கிடப்பவளுக்கு என்ன உழைப்பு என்று முனகாதே. வலி தாங்குவதும் உழைப்புதான். இங்கே நானும் என் மனைவியும் மகள் நோலீனாவும் நலம்.

கம்பாலாவில் உனக்கு இடுப்பு மூட்டு மாற்றிய டாக்டர் தந்தி போல நாலு வரி எழுதியிருந்தார். எல்லாம் நன்றாக முடிந்ததாம். பழைய எலும்பை எடுத்துப் பார்த்தபோது உலர்ந்த ரொட்டி போல உதிர்ந்ததாம். அதை வைத்துக்கொண்டா எட்டு வருஷம் பிள்ளைகளுக்குப் பந்து விளையாட்டு சொல்லிக்கொடுத்தாய்?

இனி நான் சொல்வதைக் கேள். தாழ்வான இடத்தில் உட்காராதே. காலை மடக்காதே, கால்மேல் கால் போடாதே. குனிந்து எதையும் எடுக்காதே. தினமும் எத்தனை அடி எடுத்து வைத்தாய் என்று குறித்து வை. கணக்கு வாத்தியாருக்கு எண்தான் புரியும், 'பரவாயில்லை' என்றெல்லாம் எழுதினால் மார்க் போட மாட்டேன்.

நீ என்னை 'அப்பா' என்று கூப்பிடுவதை இந்த ஊர்க்காரர்களுக்கு விளக்கி மாளவில்லை. நம் அப்பாவை அடக்கம் செய்த பிறகு மரவுரியைத் தோளில் கட்டி என்னை வாரிசாக நிறுத்தினார்கள், அதனால் என்னை இடுப்பில் சுமந்த அக்காவுக்கே நான் அப்பா என்றால், இவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அப்பாவாக உத்தரவிடுகிறேன்: நட.

உன் தம்பியும் அப்பாவுமான
லியோன்சியோ


கியம்புலா, மசாக்கா
2 மார்ச் 2004

மதிப்புக்குரிய அப்பா அவர்களுக்கு,

பள்ளிக்கூடத்தில் நீங்கள் உழைப்பதற்கு நன்றி. வீட்டில் எல்லாரும் சுகந்தானே? நான் நம் வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டேன். உங்கள் கையெழுத்து இன்னும் கோழி கிளறினாற்போலத்தான் இருக்கிறது, பாதியை ஊகித்துப் படித்தேன்.

தச்சர் என் நாற்காலிக்கு அடியில் இரண்டு கட்டை அடித்து உயர்த்திவிட்டார். கக்கூஸ் குழிக்கு மேலும் ஒரு மர இருக்கை. கட்டிலில் இரண்டு முழங்காலுக்கும் நடுவே தலையணை வைத்துத் தூங்குகிறேன். மசாக்காவிலிருந்து ஓக்வாங் என்று ஒருவர் வாரம் இரண்டு முறை மோட்டார் சைக்கிளில் வந்து பயிற்சி கொடுக்கிறார். வடக்கே லீரா பக்கத்து ஆள். நம் பாஷையைப் பேசும்போது கல்லும் மண்ணும் மெல்கிற மாதிரி இருக்கும். ஆனால் கை பக்குவமானது.

நாலு கால் நடைச் சட்டம் பிடித்துக்கொண்டு பலாமரம் வரைக்கும் போய் வருகிறேன். அறுபது அடி. மார்க் போடுங்கள்.

ஒன்றுதான் கஷ்டமாக இருக்கிறது. பார்க்க வருகிற பெண்கள் எல்லாரும் பாயில் மண்டியிட்டு நலம் விசாரிக்கிறார்கள். நான் மட்டும் ஆம்பளை மாதிரி மேலே உட்கார்ந்திருக்கிறேன். எதிர்க் கடை கவுடென்சியா, "உன்னைப் பாக்க வந்தா மந்திரி கிட்ட மனு கொடுக்க வந்தாப்ல இருக்குடி" என்று சிரிக்கிறாள். போன வாரம் பங்குச் சாமியார் வந்தார். அவரையும் நாற்காலியிலிருந்தே வணங்கினேன். அவர் போன பிறகு அழுதுவிட்டேன்.

பலாமரத்துக்கு அடுத்து சாலை. அதற்கடுத்து வாழைத் தோட்டத்துக்குப் பின்னால் அப்பாவின் கல்லறை. டிசம்பருக்குள் அங்கே என் காலால் போய் நிற்கவேண்டும் என்று நினைத்திருக்கிறேன்.

உங்கள் மகள்
ரெஸ்டிதூதா


பிரான்சிஸ்டவுன்
27 மார்ச் 2004

அன்புள்ள அக்கா,

உன் அறுபது அடிக்கு நன்றி. நாங்கள் சுகம், எனக்கு மட்டும் இருமல் விடமாட்டேன் என்கிறது.

நல்ல செய்தி. நோலீனாவைப் பெண் கேட்டு வருகிறார்கள். பையன் நம் ஆள்தான், முகோனோக்காரன், இங்கே கபரோனேயில் வேலை. டிசம்பர் 18, சனிக்கிழமை, அங்கே கியம்புலாவில் நம் வீட்டு முற்றத்தில்தான் பந்தல். அத்தை நீ இல்லாமல் அந்தச் சடங்கு ஏது? வந்திருக்கிற ஆண்களுக்கு நடுவே மாப்பிள்ளையைக் கண்டுபிடித்து, கைபிடித்துக் கூட்டிவந்து, பெரியவர்கள் முன்னால் மண்டியிட்டு, இவன்தான் என்று சொல்ல வேண்டியது நீ. சின்ன வயசிலிருந்தே நோலீனா, "அத்தைதான் என்னைக் கொடுக்கணும்" என்பாள். இப்போதும் அதையேதான் சொல்கிறாள்.

டிசம்பருக்கு எட்டு மாசத்துக்கு மேல் இருக்கிறது. ஓக்வாங்கிடம் கேட்டுப் பார். அந்த ஒரு நிமிஷத்துக்கு மட்டும் மண்டியிட முடியுமா? மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் பழைய பஞ்சாங்கம். அத்தை நின்றபடி பேசினாள் என்றால் ஊர் முழுக்கச் சொல்வார்கள். மெல்ல மெல்லப் பழகிப் பாரேன்.

உன் தம்பியும் அப்பாவும்
லியோன்சியோ


கியம்புலா
25 ஏப்ரல் 2004

மதிப்புக்குரிய அப்பா அவர்களுக்கு,

உழைப்புக்கு நன்றி. இருமலுக்கு இஞ்சி தட்டிப் போட்டுத் தேநீர் குடிக்கிறீர்களா? நோலீனாவின் செய்தி கேட்டு இடது காலாலேயே ஆடினேன். வலது கால் சும்மா பார்த்துக்கொண்டிருந்தது.

சட்டத்தை விட்டுவிட்டேன், இப்போது ஒரு கைத்தடிதான். சாலை வரை நூற்று நாற்பது அடி, நிற்காமல். அங்கிருந்து கவுடென்சியாவின் கடைக்கும் போய் அவள் கையால் தேநீர் வாங்கிக் குடித்துவிட்டு வருகிறேன். ஐம்பத்தொன்பது வயசில் நடை பழகுவதைப் பார்க்கக் கூட்டம் கூடுகிறது.

நீங்கள் கேட்கச் சொன்னதை ஓக்வாங்கிடம் கேட்டேன். மனுஷன் பயிற்சியை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"டீச்சர், ஒரு தடவை மட்டும்னு ஒண்ணு கிடையாது. மண்டி போட்டு குதிகால் மேல உக்காந்தீங்கன்னா இடுப்பு மூட்டுப் பந்து கிண்ணத்த விட்டு வெளிய வந்துரும். ஆட்டம் அதோட முடிஞ்சுது."

அவர்கள் ஊரில் பெண்கள் மண்டியிடுவதில்லையா என்று கேட்டேன். மண்டியிடுவார்களாம், ஆனால் மூட்டு மாற்றினவர்கள் அங்கே இல்லையாம்.

அதனால் அன்றைக்கு நின்றுகொண்டு தலை தாழ்த்திச் சொல்லிவிடுகிறேன். பேசுகிறவர்கள் பேசட்டும். எனக்குப் பயமெல்லாம் என் காலைப் பற்றித்தான். பெரியவர் யாராவது வந்தால் அது தானாகவே மடங்கப் பார்க்கிறது. ஐம்பது வருஷப் பழக்கம். அந்த நேரத்தில் மேசையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறேன்.

கவுடென்சியா கடையில் இப்போது போன் வைத்திருக்கிறாள். எண் கீழே எழுதியிருக்கிறேன். உங்கள் குரல் கேட்டு ஆறு வருஷமாகிறது. மே 30, பெந்தெகொஸ்தே ஞாயிறு, பூசை முடிந்து பதினொரு மணிக்குக் கடையில் இருப்பேன். என் காலாலேயே நடந்து வந்திருப்பேன், அதைப் போனில் பெருமையாகச் சொல்ல வேண்டும்.

உங்கள் மகள்
ரெஸ்டிதூதா


பிரான்சிஸ்டவுன்
1 ஜூன் 2004

அன்புள்ள அக்கா,

எப்படி இருக்கிறாய்? நாங்கள் சுகம். ஞாயிற்றுக்கிழமை நடந்ததைத்தான் கேட்க வேண்டும்.

முதல் மணியிலேயே எடுத்துவிட்டாய். "யாரு?" என்றாய். நான் வழக்கம்போல விளையாட்டாக, "ரெஸ்டி, அப்பா பேசறேன்" என்றேன். அவ்வளவுதான். ஏதோ விழுந்த சத்தம், யாரோ பெண்கள் கத்தினார்கள், லைன் போய்விட்டது. அதற்கப்புறம் மூன்று முறை அடித்தேன். ஒருவரும் எடுக்கவில்லை.

சாக்பீஸ் தூளும் இருமலும் சேர்ந்து என் தொண்டை கெட்டுக் கிடக்கிறது. குரல் அடையாளம் தெரியாமல் போனை வைத்துவிட்டாயோ? என்ன ஆயிற்று என்று உடனே எழுது.

லியோன்சியோ


கியம்புலா
11 ஜூலை 2004

மதிப்புக்குரிய அப்பா அவர்களுக்கு,

நலம். நீங்கள் எல்லாரும் நலமென்று நம்புகிறேன். பதில் தாமதமானதற்கு மன்னியுங்கள், மழையில் தபால்காரர் வரவில்லை.

அன்றைக்கு ஒன்றுமில்லை. கவுடென்சியா மண்ணெண்ணெய் டின்னைத் தட்டிவிட்டாள், அதுதான் சத்தம். லைன் அதுவாகவே போய்விட்டது. இங்கே சிக்னல் சரியில்லை, இனி போன் வேண்டாம். கடிதமே போதும்.

நடை நன்றாகப் போகிறது. அப்பாவின் கல்லறைக்குப் போய்விட்டேன். இருநூற்றுப் பத்து அடி. சிலுவைக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். சுற்றிலும் புல் மண்டிக் கிடந்தது, பிடுங்கிப் போட்டுவிட்டு வந்தேன்.

பந்தலுக்கு மூங்கில் சொல்லிவிடுங்கள்.

உங்கள் மகள்
ரெஸ்டிதூதா


பிரான்சிஸ்டவுன்
30 ஜூலை 2004

அன்புள்ள அக்கா,

இருநூற்றுப் பத்து! நோலீனா உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வீடெல்லாம் சுற்றினாள். எங்கள் நலத்துக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆனால் உன்னைத் திட்டவும் வேண்டும். புல்லைப் பிடுங்கினாயா? குனியாமல் எப்படிப் பிடுங்கினாய்? டாக்டர் படித்துப் படித்துச் சொன்னதை மறந்துவிட்டாயா? புல் கிடந்தால் கிடக்கட்டும், நான் வந்து பிடுங்குகிறேன். இன்னொரு தரம் குனிந்தால் அப்பாவாக நிஜமாகவே பிரம்பெடுப்பேன்.

ஊருக்கு வருகிற ஒரு வாத்தியாரிடம் நடைக்கு ஷூ கொடுத்தனுப்பியிருக்கிறேன். வெள்ளை, அடிப்பாகம் கெட்டி, வழுக்காது. நோலீனா தேர்ந்தெடுத்தது. சடங்குக்கு நீளப் பாவாடை கட்டினால் ஷூ வெளியே தெரியாதாம். அதைப் போட்டுக்கொண்டுதான் நீ மாப்பிள்ளையைக் கூட்டிவர வேண்டுமாம்.

பெரியவர்களிடம் நான் பேசுகிறேன். நீ நின்றே சொல்லலாம்.

உன் தம்பியும் அப்பாவும்
லியோன்சியோ


பிரான்சிஸ்டவுன்
19 செப்டம்பர் 2004

அன்புள்ள அக்கா,

ஏழு வாரமாயிற்று. ஷூ வந்து சேர்ந்ததாக அந்த வாத்தியார் சொல்லிவிட்டார். உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. ஷூ கொடுத்தபோது உன்னைப் பார்த்தாரா என்று கேட்டேன். "உள்ளே படுத்திருந்தாங்க, கடைக்காரம்மாதான் வாங்கிக்கிட்டாங்க" என்றார். அவர் வந்தது பகல் பதினொரு மணிக்காம், அந்த நேரத்தில் நீ படுத்திருப்பாயா? இதே கவரில் கவுடென்சியாவுக்கும் ஒரு சீட்டு வைக்கிறேன். யாராவது எனக்கு உண்மையை எழுதுங்கள்.

லியோன்சியோ


கியம்புலா
10 அக்டோபர் 2004

மதிப்புக்குரிய லியோன்சியோ ஐயா அவர்களுக்கு,

உங்கள் உழைப்புக்கு நன்றி, ஐயா. உங்கள் வீட்டில் எல்லாரும் சுகமா? நான் கடைக்கார கவுடென்சியா எழுதுகிறேன். ரெஸ்டி எழுதக் கூடாதென்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். சத்தியத்தை மீறுகிறேன், பங்குச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்கிறேன்.

அன்றைக்கு மண்ணெண்ணெய் டின் எதுவும் விழவில்லை. விழுந்தது அவள்.

பூசைக்குப் போன பாவாடையோடு, கைத்தடி ஊன்றி, அழகாக நடந்து வந்தாள். கடையிலிருந்தவர்கள் கைதட்டினார்கள். போன் மணி அடித்ததும் அவளே எடுத்தாள். காதில் வைத்தாள். அடுத்த நொடி கைத்தடியை விட்டுவிட்டு, சிமெண்டுத் தரையில் மண்டியிட்டாள். தினமும் செய்கிற மாதிரி அவ்வளவு சாதாரணமாக மண்டியிட்டுக் குதிகாலில் உட்கார்ந்தாள். "ஐயோ ரெஸ்டி, எந்திரிடி" என்று நான் ஓடுவதற்குள் சத்தம் கேட்டது. கிளை முறிகிற சத்தம். அவள் கத்தவில்லை, ஐயா. போனை மட்டும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, "அப்பா கூப்பிட்டாரு, அப்பா கூப்பிட்டாரு" என்றாள்.

மசாக்காவில் மயக்க மருந்து கொடுத்து மூட்டை உள்ளே தள்ளினார்கள். இரண்டே வாரத்தில், கட்டிலில் புரண்டபோதே மறுபடி வெளியே வந்துவிட்டது. நரம்பு நசுங்கிவிட்டதாம். வலது பாதம் தொங்கிவிட்டது, தூக்கினால் தூக்கின இடத்தில் நிற்பதில்லை. மறுபடி அறுத்துச் செய்ய வேண்டுமென்றால் வெளிநாட்டு டாக்டர்கள் வந்தால்தான் உண்டு, செய்தாலும் நடப்பாளா என்று சொல்ல முடியாது என்கிறார்கள். ஓக்வாங் இன்னும் வருகிறார், சம்பளம் வாங்காமல். வந்து கையையும் இடது காலையும் பயிற்சி செய்யவைத்துவிட்டு, போகும்போது என் கடையில் உட்கார்ந்து தேநீர் குடிப்பார்.

கல்லறைக்கு அவள் போகவே இல்லை. அந்தத் தூரத்தை என்னை நடக்கவிட்டு எண்ணச் சொன்னாள். நான் இருநூற்றுப் பத்து என்றேன், அதை எழுதினாள். புல்லையும் நான்தான் பிடுங்கினேன்.

சடங்கு தள்ளிப்போய்விடக் கூடாது என்பதுதான் அவள் பயம். உங்கள் ஷூ ஆணியில் தொங்குகிறது.

கவுடென்சியா


பிரான்சிஸ்டவுன்
28 அக்டோபர் 2004

அக்கா,

கவுடென்சியா எழுதிவிட்டாள். அவளைக் கோபித்துக்கொள்ளாதே.

எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. இந்தக் கடிதத்தை நாலு முறை கிழித்துப் போட்டேன். மண்டியிடப் பழகிப் பார் என்று உனக்கு எழுதினவன் நான். ஒரு நிமிஷத்துக்கு மட்டும் என்று கேட்டவன் நான். புல் பிடுங்கினாய் என்று உன்னைத் திட்டினேன். குனிய முடியாதவள் புல் எப்படிப் பிடுங்கினாள் என்று கணக்கு வாத்தியாருக்குச் சந்தேகம் வரவில்லை. போனில் அந்த வார்த்தையை வேறு சொன்னேன், விளையாட்டாக. என் பெயரைச் சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

நோலீனா சாப்பிடாமல் படுத்துக் கிடக்கிறாள். சடங்கு வேண்டாம் என்கிறாள். டிசம்பர் முதல் வாரத்தில் வருகிறேன். கம்பாலாவுக்கு உன்னைத் தூக்கிக்கொண்டு போகிறேன், எந்த டாக்டராக இருந்தாலும் சரி.

ஒன்றுமட்டும் சொல். வெறும் போன்தானே, அக்கா. நானா எதிரே நின்றேன்? இடுப்பில் சுமந்தவனுக்குப் போய் ஏன் மண்டியிட்டாய்? இந்த அப்பா பட்டத்தை அன்றைக்கே மறுத்திருந்தால் நீ இப்போது நடந்துகொண்டிருப்பாய். என்னை மன்னித்துவிடு.

லியோன்சியோ


கியம்புலா
20 நவம்பர் 2004

அன்புள்ள தம்பி,

பதினெட்டு வருஷத்தில் இந்த வார்த்தையை முதல்முறையாக எழுதுகிறேன். அப்பா கொஞ்ச நேரம் வெளியே இருக்கட்டும், நான் தம்பியிடம் பேச வேண்டும். இருமல் தேவலையா? நோலீனா சாப்பிட்டாளா? அவளை முதலில் சாப்பிடச் சொல்.

சடங்கை நிறுத்தினால் உன் முகத்தில் விழிக்க மாட்டேன். சித்தப்பா மகள் அனஸ்டாசியாவிடம் பேசிவிட்டேன். அத்தையாக அவள் நிற்பாள், மண்டியும் போடுவாள். எல்லாரும் பாயில் இருக்க நான் மட்டும் நாற்காலியில் உட்கார்ந்து மாப்பிள்ளை வீட்டார் கண்ணில் பட வேண்டாம். ஜன்னலைத் திறந்து வைத்தால் உள்ளேயிருந்தே எல்லாம் கேட்கும். ஷூவை அவளுக்குக் கொடுத்துவிடாதே. இடது கால் ஷூவை இப்போது நான் தினமும் போட்டுக்கொள்கிறேன், பயிற்சிக்கு நன்றாக இருக்கிறது. கம்பாலா வேண்டாம். இனி அறுக்க என்னிடம் தெம்பில்லை, என்னைக் கட்டாயப்படுத்தாதே.

இப்போது நீ கேட்டதற்குப் பதில். உனக்கா மண்டியிட்டேன் என்று நினைத்தாய்? உனக்குப் போட்ட மண்டியெல்லாம் ஊருக்காகப் போட்டது, அதுவும் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டு. உன் மூக்கைத் துடைத்துவிட்டவளடா நான். உனக்காக ஒரு விரல் நகத்தைக்கூட உடைத்துக்கொள்ள மாட்டேன்.

அன்றைக்குப் போனில் வந்தது உன் குரல் இல்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் நான் கேட்டபோது உன் குரல் மென்மையாக இருந்தது. அன்றைக்கு வந்தது தடித்து, கரகரத்து, நடுவில் கொஞ்சம் இருமி, "ரெஸ்டி, அப்பா பேசறேன்" என்றது. என்னை ரெஸ்டி என்று அவர் எப்படி இழுப்பாரோ அப்படியே. அந்த நொடியில் அவர் செத்ததும், நீ வாரிசானதும், டாக்டரும், ஓக்வாங்கும் எதுவும் என் நினைவில் இல்லை. எங்கேயோ போயிருந்தவர் கூப்பிடுகிறார் என்றுதான் இருந்தது. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது, தம்பி. அப்பா கூப்பிட்டால் நின்றுகொண்டு பதில் சொல்கிற பெண்ணாக அம்மா என்னை வளர்க்கவில்லை.

அதனால் நீ எதையும் தூக்கிச் சுமக்காதே. உன்மேல் கோபம் இருந்தது, முதல் மாசம். உன் பெயரைச் சொல்லித் திட்டினேன், கவுடென்சியாவுக்குத் தெரியும். இப்போது இல்லை. கல்லறைக்குத்தான் போக முடியவில்லை. போய்விட்டேன் என்று பொய் எழுதினது மனசை அறுக்கிறது. நீ வந்ததும் அந்த இருநூற்றுப் பத்து அடியை எனக்காக ஒரு தரம் நடந்துவிடு.

இனிமேல் போன் செய்யாதே. எழுது. செத்துப்போன நம் அப்பாவுக்கு எழுதத் தெரியாது, கோழி கிளறினாற்போல் வருவது நீதான் என்று எனக்குச் சந்தேகம் இருக்காது. உட்கார்ந்தபடியே படித்துக்கொள்வேன்.

டிசம்பரில் வரும்போது வாசலில் நின்று குரல் கொடுக்காதே. சத்தமில்லாமல் உள்ளே வந்து, முதலில் என் கண்ணெதிரே நில். அதற்கப்புறம் பேசு.

உன் அக்கா
ரெஸ்டிதூதா